குளிக்கும் தண்ணீரில் வரும் நோய்கள்



நமது சங்க வெளியீட்டில் இதுவரை நாம் எழுதி வந்தவை சரக்குக் கொள்முதலையும் பற்றுவரவுப் புத்தகத்தையும் பற்றியவையே. இம்முறை தண்ணீரைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறோம். நாம் வைத்தியரல்லோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் ஆறாண்டு படித்ததுமே நம் படிப்பு. மற்றவை யாவும் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றவை. ஆயினும் இவ்விஷயத்தில் அறியாமையால் நாம் ஒரு பெரும் பிழை செய்துவிட்டோம். அதனால் நம்மவரிலேயே ஒரு நல்ல மனிதருக்கு நஷ்டமும் மனவருத்தமும் உண்டாயின. அதன் பிறகே டாக்டர்களை அணுகிக் கேட்டும், படித்த பிள்ளைகளை வைத்துச் சில நூல்களை வாசிக்கச் சொல்லியும் இவற்றைத் தெரிந்துகொண்டோம். பிள்ளைகளின் விடுமுறைக் காலம் நெருங்குவதால் இப்போதே எழுதுகிறோம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற வருட விடுமுறையில் ஐந்தாறு கடைக்காரர்களின் குடும்பங்கள் சேர்ந்து, ஒரு வேனும் இரண்டு காருமாகக் கெடாவிலுள்ள ஓர் அருவிக்குப் போனோம். முன்தினம் நல்ல மழை. அருவியின் கீழ்த் தடாகம் தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தது. மலைத் தண்ணீர்தானே, ஓடும் தண்ணீர்தானே என்று நாம் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பிள்ளைகள் குதித்தார்கள், நாமும் இறங்கினோம். நம் இளைய மகன் கையில் அள்ளிக் குடித்ததை நம் கண்ணாலேயே பார்த்தோம். "இந்தத் தண்ணி மருந்து மாதிரி" என்று பெருமையாகச் சொன்னதும் நாமேதான். பகலுணவு பிரியாணி. நம் ஊரில் பல காலமாகக் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் ஒரு பண்டாரி நானாவிடம் சொல்லிச் சட்டியோடு எடுத்துப் போயிருந்தோம். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு மாலையில் திரும்பினோம்.

ஒன்பதாம் நாள் மகனுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மறுநாள் இன்னொரு கடைக்காரரின் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படியே. இரத்தமில்லை, கடுங்காய்ச்சலுமில்லை. வயிறு உப்பிக்கொண்டது, கெட்ட வாடையோடு எண்ணெய் மிதப்பது போன்ற போக்கு, சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு நாள் போகும், ஒரு நாள் நிற்கும், மறுபடியும் போகும். பிள்ளை வாரத்துக்கு வாரம் இளைத்தான்.

நாம் என்ன செய்தோம்? டாக்டரிடம் போவதற்கு முன்னால் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். "அந்தப் பிரியாணிதான்" என்று கடையில் நின்றபடியே நாலு பேர் காதில் விழச் சொன்னோம். கடைத்தெருவில் சொன்ன வார்த்தை எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதமே பண்டாரி நானாவுக்கு வரவிருந்த இரண்டு விருந்து ஆர்டர்கள் கைமாறிப் போயின.

மூன்றாம் வாரம்தான் மகனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா கேட்ட முதற்கேள்வி, "என்ன சாப்பிட்டான்?" என்பதல்ல. "கடந்த ஒரு மாதத்தில் எங்கே குளித்தான்?" என்பதுதான். நாம் அருவியைச் சொன்னோம். தேதி கேட்டார். சொன்னோம். பிரியாணியைப் பற்றியும் சொன்னோம். அவர் ஒரு தாளை எடுத்து, பிரியாணி சாப்பிட்டவர் எத்தனை பேர், அவர்களில் தண்ணீரில் இறங்காதவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார். நம் மாமியாரும் இன்னும் மூன்று பெண்களும் கரையிலேயே இருந்தவர்கள், அவர்களும் அதே சட்டிச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நோய் கண்ட மூவரும் தண்ணீரைக் குடித்தவர்கள் அல்லது முங்கி விளையாடியவர்கள். ஐந்தொகை எடுப்பது போல அந்தத் தாளிலேயே விடை விழுந்துவிட்டது. சோறு கெட்டிருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில், அல்லது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும் என்றும், ஒன்பது நாள் பொறுத்து வருவது வேறு வகை என்றும் டாக்டரம்மா விளக்கினார்.

மலப் பரிசோதனை செய்யச் சொன்னார். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. நாம் மறுபடியும் பிரியாணிப் பக்கம் சாயப் பார்த்தோம். அவரோ, இக்கிருமி நாள்தோறும் வெளிப்படுவதில்லை, ஆகவே வெவ்வேறு நாட்களில் மூன்று தடவையாவது பார்க்கவேண்டும் என்றார். மூன்றாம் தடவை அகப்பட்டது. அதன் பெயர் ஜியார்டியா. மருந்து கொடுத்தார், பிள்ளை குணமடைந்தான், அல்ஹம்துலில்லாஹ். மற்ற இரு பிள்ளைகளுக்கும் அதுவே.

இந்த ஜியார்டியாவைப் பற்றி நாம் கேட்டறிந்தபோது ஒரு செய்தி நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. இதை முதன்முதலில் கண்டவர் பெரிய பண்டிதரல்லர். நம்மைப் போன்ற ஒரு ஜவுளிக்கடைக்காரர். ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் 1654ல் துணிக்கடை வைத்த லேவன்ஹூக் என்பவர் அவர். அக்காலத்துத் துணி வியாபாரிகள் நூலின் நயத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். இவரோ தாமே கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து, அதுவரை எவரும் காணாத அளவுக்குப் பெருக்கிக் காட்டும் சிறு கருவிகளைச் செய்தார். பல்கலைக்கழகம் போனவரல்லர்; படித்தவர்களின் லத்தீன் மொழியும் தெரியாது. தாம் கண்டதையெல்லாம் தம் டச்சு மொழியிலேயே லண்டன் ராயல் சொஸைட்டிக்குக் கடிதமாக எழுதி வந்தார். 1681ல் அவருக்கு வயிறு கெட்டபோது தம் மலத்தையே கண்ணாடியில் வைத்துப் பார்த்து, அதில் நகர்ந்து திரியும் சிறு பிராணிகளை வர்ணித்து எழுதினார். அவைதாம் ஜியார்டியா என்று இக்காலத்தவர் கணிக்கிறார்கள். துணி முழம் போட்ட கையால் இது கண்டுபிடிக்கப்பட்டது என்று கேட்டபோது, படிப்புக் குறைவு என்று நாம் எப்போதும் சொல்லும் சாக்குக்கு இனி இடமில்லையே என்று தோன்றியது.

ஜியார்டியா பிறருடைய உடலை அண்டி வாழும் ஓர் ஒட்டுண்ணி. மனிதன் அல்லது மிருகத்தின் குடலில் வளர்ந்து, மலத்தோடு வெளியேறும்போது தன்னைச் சுற்றி ஓர் ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்கூடு ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் நூறு அடங்கும் அளவே உள்ளது. குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்காகச் சாகாமல் கிடக்கும். பத்துக் கூடுகள் வாய்வழியே போனாலும் நோய் வரக்கூடும் என்கிறார்கள். அருவி சுத்தமாகத்தான் பிறக்கிறது. ஆனால் மேலே கம்பம் உண்டு, ஆடுமாடு உண்டு, காட்டு மிருகம் உண்டு, நமக்கு முன்னால் வந்து காட்டோரம் ஒதுங்கிய உல்லாசப் பிரயாணிகளும் உண்டு. மழை பெய்தால் இவையெல்லாம் அடித்துக்கொண்டு கீழே வரும். முன்தினம் பெய்த மழையும் கலங்கிய நிறமும் நமக்குச் சொன்ன செய்தி அதுதான். பலத்த மழைக்கு மறுநாள் ஆற்றிலும் அருவியிலும் இறங்காமலிருப்பது நல்லது.

"அருவி வேண்டாம், ஓட்டலில் நீச்சற்குளம் இருக்கிறது, அதில் மருந்து போட்டிருக்கிறார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். குளோரின் மருந்து மிகவும் நல்லது. சாதாரணப் பேதிக் கிருமிகள் பலவற்றை ஒரு நிமிஷத்துக்குள் கொன்றுவிடும். சரியான அளவில் போட்டிருந்தால் ஜியார்டியாவும் சுமார் முக்கால் மணி நேரத்தில் இறந்துவிடும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் நீளம், உருவமோ ஜியார்டியாவில் பாதி. 1907ல் எலியின் வயிற்றில் கண்டார்கள். மனிதனுக்கும் இது நோயுண்டாக்கும் என்பது 1976ல்தான் தெரியவந்தது. இதன் ஓடு அவ்வளவு கெட்டி. வழக்கமான அளவு குளோரின் உள்ள குளத்தில் இது சுமார் பத்து நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே கண்ணாடி போலத் தெளிந்த நீலத் தண்ணீரிலும் இந்நோய் பரவும். மருந்துக் குறைவால் வருவதல்ல இது. பேதியுள்ள ஒருவர் குளத்தில் இறங்கியதால் வருவது.

1993ல் அமெரிக்காவில் மில்வாக்கி என்னும் நகரில் குடிதண்ணீர்க் குழாய் வழியாகவே இது புகுந்து, சுமார் 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. ஏரித் தண்ணீரை வடிகட்டி, குளோரின் கலந்து விட்ட தண்ணீர் அது. உடலில் எதிர்ப்புச் சக்தி குன்றியிருந்தவர்கள் பலர் உயிரிழந்தனர். சுகதேகிகளுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே குணமாகிவிடும். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு அப்படியல்ல.

பிள்ளைகள் நீச்சற்குளத்தில் எவ்வளவு தண்ணீர் விழுங்குகிறார்கள் என்று 2006ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முக்கால் மணி நேரக் குளிப்பில் பெரியவர்கள் 16 மில்லி லிட்டரும் பிள்ளைகள் 37 மில்லி லிட்டரும் விழுங்குவதாகக் கண்டார்கள். 37 மில்லி என்றால் இரண்டரை மேசைக்கரண்டி. தவறிப்போய் ஒரு வாய் உள்ளே போனது என்று நாம் நினைப்பது, எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் குளிப்பிலும் நடப்பதாகும்.

இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். மகனுக்கு இடையில் ஒரு தடவை போக்கு நின்றதும், நாலாம் நாள் அவனை ஓர் ஓட்டலின் நீச்சற்குளத்தில் விளையாட விட்டோம். அங்கே வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் யாருக்காவது நம்மால் நோய் வந்ததோ இல்லையோ, அல்லாஹ்தான் அறிவான். போக்கு நின்ற பிறகும் கிருமி வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்றால் நின்ற நாளிலிருந்து இரண்டு வாரம் குளத்தில் இறங்கக் கூடாது என்பதே டாக்டர்கள் சொல்லும் கணக்கு. எந்தக் கிருமி என்று பரிசோதித்துப் பார்க்காதவர்களுக்கும் அந்த இரண்டு வாரமே பத்திரமானது. குழந்தைகளுக்குக் கட்டும் நீச்சல் அரைக்கச்சை பேதியைத் தாங்காது, தண்ணீரில் கலந்துவிடும். கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவமும் கிரிப்டோஸ்போரிடியத்தைக் கொல்லாது; சோப்புப் போட்டுக் கழுவுவதே வழி. சாப்பாட்டுக்கடை நடத்தும் சகோதரர்கள் இவ்விடத்தைச் சற்று நிறுத்திப் படிக்கவேண்டும். பேதியுள்ள வேலையாளை ரொட்டிக் கல்லிலோ தண்ணீர் கலக்கும் இடத்திலோ நிறுத்தக் கூடாது. ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிடுவோமென்று பயந்துதான் அவன் நோயை மறைக்கிறான்.

நீச்சற்குளத்தில் குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் சுத்தம் அதிகம் என்று நாம் நம்பியிருந்தோம். அதுவும் தவறாம். குளிப்பவர்களின் வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் பொருளே அந்த நெடிக்குக் காரணம். குளத்தில் இறங்குமுன் உடம்பை நன்றாகக் கழுவிக்கொள்ளச் சொல்லிப் பலகை மாட்டியிருப்பது இதற்காகத்தான். நம்மில் எத்தனை பேர் அப்பலகையைப் பார்த்திருக்கிறோம்?

இனி மூக்கைப் பற்றி. இதை எழுதுவதற்காகவே இக்கட்டுரையை ஆரம்பித்தோம் என்றாலும் தகும்.

நீக்லேரியா பௌலரி என்று ஓர் அமீபா இருக்கிறது. வெதுவெதுப்பான நன்னீரில், அதாவது குளம், ஏரி, மெதுவாக ஓடும் ஆறு, வெந்நீர் ஊற்று ஆகியவற்றில் வாழ்வது. 46 டிகிரி சூட்டிலும் வளரும். கடல் உப்பில் வாழாது. அத்தண்ணீரைக் குடித்தால் நோய் வராது. மூக்கு வழியாக உள்ளே ஏறினால் மட்டும், வாசனை அறியும் நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்குப் போய்விடும். ஒன்றிலிருந்து பன்னிரண்டு நாளைக்குள் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, பிறகு கழுத்து விறைப்பு, புத்திமாறாட்டம். அறிகுறி தோன்றிய சில நாட்களிலேயே பெரும்பாலோர் இறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து டாக்டர் பௌலர் என்பவர் தம் தோழருடன் 1965ல் இதை எழுதி வெளியிட்டார். அவர் பெயரையே கிருமிக்கும் வைத்தார்கள். அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை 164 பேருக்கு இது கண்டது, பிழைத்தவர் நால்வர்.

பயமுறுத்த எழுதவில்லை. கோடிக்கணக்கானவர்கள் குளிக்கும் ஒரு பெரிய தேசத்தில் அறுபது வருடத்தில் 164 பேர் என்றால், இது மிக அபூர்வமான நோய் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. ஆனால் வந்தால் திரும்புவதரிது. கேரளத்தில் 2024லும் 2025லும் அமீபா மூளைக்காய்ச்சல் பலருக்குக் கண்டது. குளத்தில் குளித்த சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2024 ஜூலையில் கோழிக்கோட்டில் ஒரு பையன் பிழைத்தான்; நோயை ஆரம்பத்திலேயே சந்தேகித்து உடனே மருந்து கொடுத்ததே காரணம் என்றார்கள். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் உறவினரைப் பார்க்க ஊர் போகிறவர்கள் எல்லை தாண்டிக் கேரளத்துக் குளம் குட்டைகளில் பிள்ளைகளை இறக்குவது வழக்கமாதலால் இதைக் குறிப்பிடுகிறோம்.

முஸ்லிம்களாகிய நமக்கு இதில் தனிச் சம்பந்தம் உண்டு. கராச்சி நகரில் இந்நோய் கண்ட 13 பேரைப் பற்றி அந்நாட்டு டாக்டர்கள் 2011ல் எழுதினார்கள். அவர்கள் எங்கும் நீந்தப் போனவர்களல்லர். குழாய்த் தண்ணீரில் ஒளுச் செய்யும்போது மூக்கில் ஏற்றிய நீரால் வந்திருக்கலாம் என்று டாக்டர்கள் கருதினார்கள். 2012ல் அமெரிக்க விர்ஜின் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் தாமஸ் தீவிலும் ஒரு முஸ்லிம் இவ்வாறே இறந்தார். இதைப் படிக்கக் கேட்ட அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஏனெனில் அருவிக்குப் போன அந்நாளில் லுஹருக்கு ஒளுச் செய்தது எங்கே? அதே கலங்கிய தடாகத்தில்தான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "நல்லா மூக்குல இழுங்க" என்று சொல்லிக் கொடுத்ததும் நாமேதான்.

மதரஸாவில் தண்ணீர்ப் பாடத்தை நாம் யாவரும் ஓதியிருக்கிறோம். இரண்டு குல்லத் அளவு, நிறம், ருசி, வாடை ஆகிய மூன்றும் மாறாமை என்றெல்லாம் உஸ்தாது கேட்பார். பிரம்புக்குப் பயந்து ஒப்பிப்போம். தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழித்துவிட்டு அதிலேயே குளிக்கக் கூடாது என்ற நபிமொழியையும் ஓதினோம். அந்தத் தடாகத்து நீர் தொழுகைக்குத் தூய நீர்தான், அதில் ஐயமில்லை. ஆயினும் நஜீஸ் இல்லாத தண்ணீர் என்பதும் நோய்க்கிருமி இல்லாத தண்ணீர் என்பதும் இரண்டு வெவ்வேறு கணக்குகள். ஒன்றைச் சரிபார்த்துவிட்டு மற்றதும் சரியென்று எழுதிவிட்டோம். ஒளுவில் மூக்குக்கு நீர் செலுத்துவது ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் சுன்னத்து. நன்றாக உள்ளே இழுப்பதும் சிறப்பித்துச் சொல்லப்பட்டதே. நோன்பாளிக்கு மட்டும் வேண்டாமென்று விலக்கப்பட்டது. மார்க்கச் சட்டத்தில் நாம் வாய் திறக்கத் தகுதியுள்ளவரல்லோம். நம் பள்ளிவாசல் இமாமிடம் இதைக் கேட்டோம். மூக்குக்கு மட்டும் வேறு சுத்தமான தண்ணீரை உபயோகிக்கத் தடை ஒன்றுமில்லை, உயிரைக் காப்பதும் மார்க்கக் கடமையே என்று அவர் கூறினார். ஆகவே இப்போது நாம் வெளியூர் போகும்போது ஒரு நிமிஷம் நன்கு கொதிக்கவிட்டு ஆறவைத்த தண்ணீரை இரண்டு பாட்டில்களில் எடுத்துச் செல்கிறோம். கைகால் முகமெல்லாம் ஆற்று நீரிலே. வாய் கொப்புளிக்கவும் மூக்குக்கும் பாட்டில் நீர். வீட்டுக் கூரைத் தொட்டியில் வெயிலில் காய்ந்த தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தொட்டியை மூடி வைத்து, காலாகாலத்தில் கழுவவேண்டும். சளி பிடித்தவர்கள் மூக்கைக் கழுவும் குடுவையில் ஊற்றுவதும் கொதித்தாறிய நீராகவே இருக்கட்டும்.

கெடாவில் பாலிங் பக்கம் உலு லெகோங், பேராக்கில் சுங்கை கிளா போன்ற வெந்நீர் ஊற்றுகளுக்கு மூட்டு வலிக்காரர்கள் விரும்பிப் போகிறார்கள். அங்கே நோய் இருக்கிறதென்று நாம் சொல்லவில்லை. வெந்நீர் ஊற்று எதுவாயினும் கழுத்துக்குமேல் தண்ணீர் படாமல் உட்காரலாம் என்பதுதான் நாம் சொல்வது. தலையை முக்கினால் மூட்டு வலி தீரப்போவதில்லையே.

கண்ணுக்குள் வில்லைக் கண்ணாடி அணியும் மகளுள்ளவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளவும். அக்காந்தமீபா என்ற வேறோர் அமீபா மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் நீச்சற்குளத்திலும் இருப்பது. கோலாலம்பூர் வட்டாரத்து நீச்சற்குளங்களில் இதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2010ல் எழுதியிருக்கிறார்கள். வில்லைக்கும் விழிக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டால் கருவிழி புண்ணாகி, பார்வையே போகும் நிலை வரலாம். வில்லையைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கவேண்டும். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது.

வயல் நீரில் இறங்கினால் கால் அரிக்கும் என்று கெடா, பெர்லிஸ் பக்கத்து மலாய்க்காரர்கள் வெகுகாலமாகச் சொல்வார்கள். பக்லி என்ற ஆராய்ச்சியாளர் 1938ல் இதன் காரணத்தை எழுதினார். மாடு எருமைகளின் இரத்தத்தில் வாழும் ஒரு தட்டைப்புழுவின் குஞ்சு, நத்தையிலிருந்து வெளிப்பட்டு மனிதத் தோலில் துளைக்கப் பார்க்கிறது. மனிதன் அதற்கேற்ற வீடல்லாததால் தோலிலேயே இறந்துபோகிறது. நமக்கு மிஞ்சுவது அரிப்புத் தடிப்பு. சில நாளில் ஆறிவிடும். பெரிதாக அஞ்சவேண்டியதில்லை.

எலிச் சிறுநீர்க் காய்ச்சல், அதாவது மலாயில் கெஞ்சிங் தீக்கூஸ் என்பது, ஒட்டுண்ணியல்ல, பாக்டீரியா. ஆயினும் அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்கக் கூடாது. இந்நாட்டு ஆறுகளில் பெருந்தொல்லை அதுதான். 2000ல் சபாவில் நடந்த பன்னாட்டு வீர விளையாட்டுப் போட்டியில் செகாமா ஆற்றில் நீந்தியவர்கள் ஊர் திரும்பியபின் காய்ச்சலில் விழுந்தார்கள். விசாரித்த 189 பேரில் 80 பேருக்கு இந்நோயின் அறிகுறிகள் இருந்தன. ஒருவரும் இறக்கவில்லை. 2010ல் பகாங் மாநிலத்து லூபோக் யூவில் கதை வேறு. ஆற்றில் முழுகிய ஒருவரைத் தேட இறங்கியவர்களுக்கு இக்காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் இருக்கும் மெலியோய்டோஸிஸ் என்ற இன்னொரு கொடிய நோயும் கண்டு, பலர் உயிரிழந்தனர். அவ்வருட டிசம்பரிலிருந்து எலிச் சிறுநீர்க் காய்ச்சலை மலேசிய டாக்டர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்று சட்டமாயிற்று. மெலியோய்டோஸிஸ் சர்க்கரை நோயாளிகளை அதிகமாகத் தாக்குவது. நாள் முழுதும் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களோடெல்லாம் பால் கலந்த தே தாரிக் குடிக்கும் நம் கூட்டத்தில் சர்க்கரை இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணலாம். காலில் புண்ணோ வெட்டுக்காயமோ உள்ள சர்க்கரைக்காரர் ஆற்றில் இறங்கவே வேண்டாம். கரையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேவைதானே.

பண்டாரி நானாவின் விஷயத்துக்கு வருகிறோம். பரிசோதனைத் தாள் கைக்கு வந்த அன்று அஸருக்குப் பின் அவர் சமையற்கட்டுக்குப் போனோம். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "வாங்க தம்பி, உட்காருங்க" என்றார்; முகத்தில் கோபமில்லை, சிரிப்புமில்லை.

"நானா, உங்க சாப்பாட்டுல குத்தமில்ல. நான்தான் தெரியாம பேசிட்டேன். மாப்புக் குடுங்க" என்றோம்.

சற்று நேரம் சட்டியையே பார்த்திருந்தார். "தம்பி, என் சோத்துல குத்தமிருந்தா அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சிருக்கும். பத்து நாள் காத்துக்கிட்டா இருக்கும்? இதை நீங்க எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார்.

டாக்டரம்மா படித்துச் சொன்னதை அவர் அடுப்படியில் நின்றே தெரிந்து வைத்திருந்தார். கேட்காமல் போனவர்கள் நாம். மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு, முன்னர் யார் யாரிடம் பேசினோமோ அவர்களையெல்லாம் தேடிப் போய், சொன்னது பொய் என்று சொன்னோம். எட்டுப் பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் வேறு யாரிடமெல்லாம் சொல்லியிருந்தார்களோ, அதற்கு நம்மிடம் கணக்கில்லை. கைமாறிப்போன இரண்டு விருந்துகளும் திரும்பி வரவில்லை. அந்த நஷ்டத்தை நாம் கொடுக்க முன்வந்தபோது வாங்க மறுத்துவிட்டார். இதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டோம். பெயரைப் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

உங்கள் பிள்ளைகளுக்கு இனி வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரத்துக்குமேல் நின்றும் போயுமாக இருந்தால், அல்லது குளித்து வந்த இரண்டு வாரத்துக்குள் கடுந்தலைவலியோடு காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் போனதும் முதலில் எங்கே, எந்தத் தேதியில் தண்ணீரில் இறங்கினான் என்பதைச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். தலைவலிக் காய்ச்சலாயின் ஒரு நாளும் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும். நாம் இப்போது கடைச் சுவரிலுள்ள நாட்காட்டியில், சரக்கு வரும் தேதியைக் குறிப்பது போலக் குளிக்கப் போன தேதியையும் குறித்துவிடுகிறோம்.

இவ்விடுமுறையிலும் அதே குடும்பங்கள் சேர்ந்து போகிறோம். இம்முறை கடற்கரை. சமையல் பண்டாரி நானாதான், ஒப்புக்கொண்டுவிட்டார். வேனில் இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. பேதி கண்டு இரண்டு வாரம் ஆகாத பிள்ளைகளையும் அழைத்து வரலாம். தண்ணீரில் மட்டும் இறங்கவேண்டாம். அவர்களோடு கரையில் உட்கார்ந்து கேரம் விளையாட நாம் இருப்போம்.